மைனாவைப் பார்க்க வந்தேன் என்று சொன்னது

பாம்பூஃப்ளாட்,
16-2-1968.

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்பைக் கேட்டால் நானும் அம்மாவும் சுகம், பசுவும் கன்றும் சுகம், மனசைக் கேட்டால் அப்படி எழுதக் கை வரவில்லை. மெட்ராஸ் பனியில் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு வகுப்புக்கு ஓடாதே என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள் அம்மா, எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்து ஒரு கப்பல் போய்விட்டது, அதில் என் பதில் வராதது கண்டு பயந்திருப்பாய். கப்பல் மேல் குற்றமில்லை, எழுத உட்காருவேன், பேனாவை மூடிவிட்டு எழுந்து போவேன், அவ்வளவுதான்.

டிரெயினிங் ஸ்கூலில் இயற்கைப் பாடத்துக்காக அவரவர் வீட்டுத் தோட்டத்தில் பனிக்காலத்தில் வருகிற பறவைகளையும் பூக்கிற செடிகளையும் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள், நான் கப்பலேறி வந்து திரும்ப முடியுமா, நீங்களே பார்த்து எழுதுங்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். அந்தமானில் பூ கூடப் பூக்குமாடி, அங்கே காடும் கைதியும்தானே என்று ஒருத்தி சிரித்தாள் என்றும் எழுதியிருந்தாய். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருக்கிறவனுக்குப் பூ என்ன, குருவி என்ன, ஆனாலும் உன்னைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள் என்றதும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் தோட்டத்தில் நிற்க ஆரம்பித்தேன். அம்மா வைத்த டிசம்பர் பூ வேலியோரம் ஊதாவாகப் பூத்திருக்கிறது, கனகாம்பரம் இருக்கிறது, துலுக்கச் சாமந்தி ஆள் உயரம், மார்கழி முழுக்கக் கோலத்துக்குப் பறித்தும் பூசணிக்கொடி இன்னும் பூவை விடுகிறது. செம்பருத்தியில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும். பழுத்த பப்பாளியைக் கொண்டைக்குருவிகள் நமக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடும். துணி காயப்போடுகிற கம்பியில் ஒரு பழுப்புக் குருவி தனியாக உட்கார்ந்து கத்தும், கண்ணை மறைத்துக் கறுப்புத் துணி கட்டின மாதிரி இருக்கும், கீச்சான் என்கிறார்கள், பனிக்காலத்துக்கு மட்டும் எங்கிருந்தோ கடல் தாண்டி வந்து மழைக்கு முன்னால் போய்விடுமாம். தலை வெளுத்த மைனா ஒன்றும் உண்டு, சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி. இதையெல்லாம் நீ பாடத்தில் எழுதிக்கொள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் இவற்றில் ஒன்றையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை என்பதையும் எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்.

பெரிய பூக்களும் இருக்கட்டுமே என்று ஹேடோவில் ஆபீசர்கள் வீட்டு வரிசைப் பக்கம் போனேன். நம் கூலி லைனில் குடிக்கத் தண்ணீர் பிடிக்கப் பெண்கள் சண்டை போடுகிறார்கள், அங்கே டேலியாப் பூச்செடிக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன், உள்ளே இருந்த காவல்காரன், "ஏ மேஸ்திரி, க்யா சுராத்தா ஹை?" என்று தடியை எடுத்தான், எதைத் திருட வந்தாய் என்று. அந்த வீட்டு ஆபீசர் ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் தூரக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊரில் உள்ள தோப்பு துரவெல்லாம் நுழைந்து மரத்தைப் பார்ப்பார், எல்லோரும் சலாம் போடுவார்கள். அவர் பார்த்தால் படிப்பு, நான் பார்த்தால் திருட்டு. யூனியன் கூட்டத்தில் இதை வைத்து நன்றாக ஒரு பிடி பிடித்தேன், கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

படகுத்துறைக்குப் போகிற பாதை திரும்புகிற இடத்தில் நிமாய் மண்டல் வீடு இருக்கிறதல்லவா, துறையில் கத்தரிக்காய் விற்கிற பங்காளி. வங்காளியை இங்கே நாம் எல்லோரும் பங்காளி என்றுதான் கூப்பிடுகிறோம், ஆனால் பங்காளி வீட்டில் எத்தனை பேர், என்ன பேர் என்று ஒருவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் தோட்டத்து மூலையில் ஒரு கல்யாண முருங்கை நிற்கிறது. தை பிறந்ததும் இலையெல்லாம் கொட்டிவிட்டு மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்தது. அதில் ஒரு நாள் காலையில் மலை மைனா ஒன்று வந்து உட்கார்ந்தது. கரியாய்க் கறுப்பு, வெயில் பட்டால் ஊதா மின்னும், அலகு ஆரஞ்சுப் பழம் மாதிரி, காதோரத்தில் மஞ்சளாகத் தோல் தொங்கும், தோடு போட்ட மாதிரியே இருக்கும். நான் சீட்டியடித்தேன், அது திருப்பியடித்தது. அரசி, எனக்கு அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. அதற்குப் பிறகு தினமும் படகுக்கு முன்னால் அந்த வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பதும் சீட்டியடிப்பதும் வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றவே இல்லை. காய் விற்கிறவன் வேலிதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே முற்றத்தில் நிறையப் பேர் இருந்தார்கள், வெள்ளை வேட்டியும் சால்வையுமாக. ஹேவ்லாக் தீவில் குடியேறின வங்காளிகள், நிமாயின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் மரத்தைப் பார்த்துச் சீட்டியடித்தேன். வந்தவர்களில் பெரியவர் ஒருவர் வேலிக்கு வந்து, "கிஸ்கோ தேக்தா ஹை?" என்று கேட்டார். யாரைப் பார்க்கிறாய் என்கிறார், நான் எதைப் பார்க்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நம் இந்திதான் உனக்குத் தெரியுமே, கப்பலில் மூட்டை இறக்குகிற இந்தி, ஆணும் பெண்ணும் ஒன்றுதான், ஆளும் குருவியும் ஒன்றுதான். "மைனா கோ தேக்தா" என்றேன், மைனாவைப் பார்க்கிறேன் என்று. அவர் முகம் மாறியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் விளக்கினேன். தினமும் காலையில் வருகிறேன் என்றேன், மிகவும் அழகு என்றேன், காதிலே மஞ்சளாகப் போட்டிருக்கும் என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன், நான் சீட்டியடித்தால் பதிலுக்குச் சீட்டியடிக்கும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். பெற்ற மகளுக்கு இதை எழுதுகிறேன், காகிதம் எரியவில்லை, ஆச்சரியம்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் மைனா. நான்தான் இந்தத் தீவில் அது தெரியாத ஒரே ஆள் போலிருக்கிறது. உள்ளே அம்மாக்காரி கத்தினாள், நிமாய் மண்வெட்டிப் பிடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், என் சட்டையைப் பிடித்தார். எதற்கு அடிக்க வருகிறார் என்றே எனக்குப் புரியவில்லை. படகுக்குப் போகிற கூட்டம் நின்றது. நம் ஆட்களும் ஓடி வந்தார்கள், முன்னால் நின்றவர் காண்டிராக்டர் சண்முகம். "எவன்டா நம்மாளு மேல கைய வச்சவன்? மேஸ்திரி, நீங்க பின்னால வாங்க, நாங்க இருக்கோம்ல!" என்று என்னை இழுத்து விட்டுவிட்டு, அத்தனை பேருக்கும் புரியட்டும் என்று இந்தியிலே போட்டார், "முதலில் உன் பெண்ணை அடக்கு, அவள் ஜாடை காட்டாமலா எங்கள் ஆள் தினமும் வந்து நிற்பான்?" என்று. நம்மவர்களில் சிலர் சிரித்தார்கள். முற்றத்தில் ஒரு பெண் முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள், அப்போதுதான் அவளை முதல் முறை பார்த்தேன். அவளை எனக்குத் தெரியாது, அவள் ஒரு ஜாடையும் காட்டவில்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கூட்டத்தில் மைக் பிடித்துக் கத்துகிற வாய்தான். சொல்லவில்லை. என் சட்டையை விட்டுவிட்டார்கள், என் பக்கம் ஆள் இருக்கிறது, அது போதும் என்று இருந்துவிட்டேன். ஹேவ்லாக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

துறையில் நஜிமுதீன் பாய் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மேஸ்திரி, நீங்க பறவையச் சொன்னீக, அவுக பொண்ணுன்னு எடுத்துக்கிட்டாக. அந்தப் புள்ளைக்குப் பேரே மைனாதான். அவுக மொய்னாம்பாக, நாம மைனாம்போம்" என்றார். கொஞ்சம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா சண்முகம் சொன்னதுக்கு நீங்க ஏன் கம்முனு நின்னீக?" என்று கேட்டார். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் அதற்கு மேல். "அந்தப் புள்ள பேரு மைனான்னு எனக்குத் தெரியும்ல. தினம் போறீகளே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா? பொட்டப்புள்ள இருக்க வீட்டு வேலியில போயி நின்னு சீட்டியடிக்க உங்களுக்கு என்ன வயசு?" என்றாள். அன்றைக்கே ஒரு சொம்பு பாலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள், நிமாயின் மனைவி படலைத் திறக்கவில்லை. பாலோடு திரும்பி வந்து தயிருக்கு உறை ஊற்றினாள்.

நஜிமுதீன் பாய் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும், உனக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். சண்முகத்தின் அக்கா மகன் பி.டபிள்யூ.டி.யில் ஓவர்சியர், கை நிறையச் சம்பளம், உன்னைக் கேட்டு மார்கழியிலேயே பேச்சு வந்தது, கோடை லீவுக்கு நீ வரும்போது பார்த்து முடித்துவிடலாம் என்று நான் சரி சொல்லிவிட்டேன். அம்மா, புள்ளையை ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்க என்றாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், படிப்புக் கெட்டுவிடும் என்றேன். சம்பந்தி ஆகப்போகிறவர் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தபோது, அவர் சொன்னது பொய் என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். என் மகளுக்கு மாப்பிள்ளை நிலைக்க வேண்டும் என்று இன்னொருவன் மகளின் மாப்பிள்ளையைப் பாதையிலிருந்து திருப்பி அனுப்பினேன். முதலாளி, ஆபீசர், காண்டிராக்டர் என்று நான் திட்டாத ஆள் கிடையாது. திட்டினவன் வாயை அடைக்க ஒரு ஓவர்சியர் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் லீவு போட்டு ஹேவ்லாக் படகில் போனேன். சண்முகத்துக்குத் தெரிந்து துறைக்கே வந்து, "நீங்க போனா தமிழன் தப்பு பண்ணான்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும் மேஸ்திரி. பங்காளிப் பய வீட்டு விவகாரம், ஒரு மாசத்துல மறந்துருவான்" என்றார். நான் படகில் ஏறிவிட்டேன். தை மாதக் கடல் அசையாமல் கிடந்தது. வேலிக்கு வந்து கேட்ட அந்தப் பெரியவர் மாப்பிள்ளையின் அப்பா, வயலில் நின்றுகொண்டிருந்தார். பறவை, மகள், பள்ளிக்கூடப் பாடம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன், நம் இந்திக்கு எட்டாத இடத்தில் சீட்டியும் அடித்துக் காட்டினேன். அவர் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார், வீட்டுக்குள் கூப்பிட்டுச் சொல்லி அவர் மனைவியும் சிரித்தாள், பொரியும் வெல்லமும் கொடுத்தார்கள். பிறகு அவர் கேட்டார், பறவை சரி, அந்தத் தமிழ் பாபு உன் பக்கத்தில் நின்று சொன்னானே, அந்தப் பெண் ஜாடை காட்டினாள் என்று, அவன் ஒன்றும் தெரியாமலா சொன்னான், பொய்யாக இருந்தால் நீ ஏன் பேசாமல் நின்றாய் என்று. பொய்தான் என்றேன், அவர் என் உறவாகப் போகிறவர், அதனால் நின்றேன் என்றேன். அவர், இங்கே வந்து எங்களிடம் சொல்லி என்ன பயன், சொன்ன இடத்தில் போய்ச் சொல், அப்புறம் நாங்கள் வருகிறோம் என்றார்.

சொன்னேன் அரசி. திரும்பி வந்த மறுநாள் காலைப் படகுக்குக் கூட்டம் நிற்கும்போது, நிமாய் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருக்கும்போது, சண்முகமும் நிற்கும்போது, தமிழிலும் இந்தியிலும் சொன்னேன். நான் பார்த்தது பறவை, இந்தப் பெண்ணை நான் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை, காண்டிராக்டர் சொன்னது பொய், பொய் என்று தெரிந்தும் சும்மா நின்றேன், அது அவர் பொய்யைவிடப் பெரிய அயோக்கியத்தனம் என்றேன். சண்முகம் காறித் துப்பிவிட்டு, "இந்த லட்சணத்துல இருக்கவன் வீட்டுலயா எங்க அக்கா சம்பந்தம் பண்ணும்?" என்று போய்விட்டார். நம்மவர்கள் நாலைந்து பேர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நிமாய் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹேவ்லாக்கிலிருந்து ஆள் வந்து, பழையபடி பேசலாம் என்று சொல்லிப் போனதாக நஜிமுதீன் பாய் சொன்னார். சரி, இனி நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதைத்தான் உனக்கு முக்கியமாக எழுதுகிறேன்.

முந்தாநாள் அக்கரைச் சாத்தம் போகிற படகில் அந்தப் பெண்ணே ஏறினாள், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கூடையை அவளே எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். உன் வயதுதான் இருக்கும், நெட்டை, மண்வெட்டி பிடித்துக் காப்புக் காய்த்த கை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள். "சாச்சா" என்றாள், சித்தப்பா என்பது போல. பிறகு மெதுவாக, ஆனால் எல்லோரும் கேட்கிற மாதிரி, "ஹேவ்லாக் ஜாகே மாஃபி மாங்கா, ஜெட்டி மே மாங்கா, சப்ஸே மாங்கா. முஜ்ஸே?" என்றாள். ஹேவ்லாக் போய் மன்னிப்புக் கேட்டாய், துறையில் கேட்டாய், எல்லோரிடமும் கேட்டாய், என்னிடம்? அரசி, அது எனக்குத் தோன்றவே இல்லை. கடல் தாண்டிப் போய் ஒரு கிழவனிடம் கேட்கத் தோன்றியது, ஊரைக் கூட்டிச் சொல்லத் தோன்றியது, பாதைத் திருப்பத்தில் இருக்கிறவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டதும் எழுந்து போனவர்கள் முன்னால் மறுபடியும் போய் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், ஊர் அதற்கும் நீதான் காரணம் என்று சொல்லும், சொல்லிக்கொள்ளட்டும் என்றாள். படகு சாத்தத்தில் தட்டியதும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் இறங்க மறந்து நின்றேன், படகுக்காரன் விரட்டினான்.

ஆகவே இப்போது நான் உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. சண்முகம் வீட்டுச் சம்பந்தம் போய்விட்டது, போனது போகட்டும், ஆனால் அது போகாமல் இருந்திருந்தால் நான் உன்னைக் கேட்டிருக்கவே மாட்டேன், நீ கப்பலிலிருந்து இறங்கியதும் மாலையை நீட்டியிருப்பேன். உன் விஷயத்தில் உனக்குத் தெரியாமல் சரி சொன்னதற்கு மன்னித்துக்கொள். பரவாயில்லை அப்பா என்று வழக்கம் போல எழுதிவிடாதே, பரவாயில்லையா இல்லையா என்று யோசித்து எழுது. படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டுமா, இங்கே வர வேண்டுமா, அங்கேயே இருக்க வேண்டுமா, யாரையாவது மனசில் நினைத்திருக்கிறாயா, எதுவானாலும் எழுது. கோபம் வந்தால் கோபத்தையும் எழுது. அம்மாவுக்குத் தனியாக எழுதி அவளைத் தூது அனுப்பாதே, எனக்கே எழுது.

கருவாடும் தேங்காய் எண்ணெயும் அடுத்த கப்பலில் நஜிமுதீன் பாயின் தம்பி வசம் வரும், துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொள். எண்ணெயை மற்றப் பிள்ளைகளுக்கும் கொடு, சிரித்தாளே அவளுக்கும் கொடு. நோய் நொடி அண்டாமல், யாருக்கும் தலை குனியாமல், என்னைப் போல் வாய் இருந்தும் ஊமையாக நிற்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உனக்கு எங்கள் ஆசி என்று அம்மாவும் சேர்த்து எழுதச் சொன்னாள். பதிலை மறக்காதே, வேண்டாம் என்றாலும் அதை உன் கையால் எழுது.

இப்படிக்கு,
உன்னிடம் இன்னும் பதில் பெறாத அப்பா,
சொ. சிவஞானம்.